வாசலில் கிடந்த செருப்பு

1965, ஜூலை. வெள்ளி இரவு.

உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது, தூக்கம்தான் வரவில்லை.

சாயங்காலம் குடிவரவு அதிகாரிகள் எங்கள் சந்தில் வீடு வீடாக வந்தார்கள். தம்பி செல்வம் வெளிநாட்டவர் அட்டையைப் புதுப்பிக்கவில்லை. பிடித்தால், அவன் பார்த்தே இராத மதராசுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அடுக்களைப் பரணில்தான் கிடக்கிறான். பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்மணி டோ மியாவிடம்கூட, அவன் பெகுவுக்குப் போயிருப்பதாகத்தான் சொல்லி வைத்திருந்தேன். அதிகாரிகள் வந்தபோது அவர் எங்கள் வீட்டில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார், வழக்கம்போல் வெறுங்காலோடு வந்து.

வீட்டில் ஆண்பிள்ளை யாரும் இல்லை என்றேன். அதிகாரி வாசலைக் காட்டினார்.

"அப்ப இந்தச் செருப்பு யாருது?"

விடியுமுன் காற்று வாங்கப் போய்வந்த செல்வம் பழக்கதோஷத்தில் அங்கேயே கழற்றிவிட்டிருக்கிறான்.

டோ மியா எழுந்தார். "நான் போட்டுட்டு வந்ததுதான், சயா. அவசரத்துல வீட்டுக்காரர் செருப்பை மாட்டிட்டேன்."

அந்தப் பெரிய செருப்புக்குள் காலை நுழைத்து, இழுத்து இழுத்து நடந்து போனார். அதிகாரியும் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

செருப்பு இன்னும் டோ மியா வாசலில்தான் கிடக்கிறது. திருப்பித் தர அவர் வரவில்லை. போய்க் கேட்க எனக்கு முகமில்லை.

தம்பிதான் பெகுவில் இருக்கிறானே.