செல்வியின் ஸ்கூட்டர் மீட்டர்

செவ்வாய், இரவு.

தூக்கம் வரவில்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டதும், புளியங்குடி ரோட்டில் புதிதாகத் திறந்த டீக்கடைக்குப் போவோமா என்று செல்வியைக் கேட்டேன். அவள் தன் ஸ்கூட்டரை எடுக்காமல் என் வண்டியில் ஏற வந்தாள்.

"உன் வண்டிக்கு என்னட்டி?"

"எங்க வீட்டுக்காரவுக தெனமும் மீட்டரைப் பாப்பாவ. ஆபீஸ் போயிட்டு வார தூரம் மட்டுந்தான் ஏறியிருக்கணும்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்துவிட்டேன். அதுதான் உறுத்துகிறது.

டீ குடித்ததும் என் சாவியை வாங்கினாள். "நான் ஓட்டுதேன், பின்னால ஏறு." ஊருக்குத் திரும்பாமல் நேரே புளியங்குடிப் பக்கம் விரட்டினாள். நான் தடுக்கவில்லை. இருட்டிய பிறகுதான் திரும்பினோம்.

மீட்டரைப் பார்க்கிறவர் கடிகாரத்தைப் பார்க்காமலா இருப்பார்? போன் பண்ணிக் கேட்கலாம். அதையும் அவர்தான் எடுப்பாரோ என்னவோ.