நீ வராத பிறந்தநாள்

மகள் தன் முதல் பிறந்தநாள் வீடியோ கசெற்றைக் கணினியில் ஏற்றிப் போட்டுக் காட்டினாள். வோபர்னில் நாங்கள் அப்போது இருந்த அப்பார்ட்மென்ற், பலூன்கள், தொண்ணூறுகளின் பெரிய மூக்குக்கண்ணாடிகளோடு நம் ஆட்கள். கமெரா எல்லோரையும் சுற்றி வருகிறது. நீ மட்டும் இல்லை.

கலியாணத்துக்கு முன் நாம் இருவரும் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில் இருந்தோம். நான் உளவியல் படித்தேன், நீ மெய்யியல். நம்மைப் போல் இந்த நாட்டுக்கு வந்த அகதிகளின் மனநிலையை அறிய நான் கொண்டு திரிந்த கேள்விப் படிவத்தைக் கண்டாலே உனக்குச் சிரிப்பு. "மனிசனுக்கென்ன காய்ச்சலே, தேர்மோமீற்றர் வைச்சுப் பாக்க?" என்பாய். நீ படித்தது பொருள்கோளியல், ஒன்றை எப்படி விளங்கிக்கொள்கிறோம் என்ற ஆராய்ச்சி. நூலைப் போலத்தான் மனிதரையும் வாசிக்கிறோம், எல்லோரும் ஒரு முன்முடிவோடுதான் போகிறோம், அதைத் திருத்த எதிரே இருப்பவருக்கு இடம் விடவேண்டும் என்பாய். "முதல்ல கறியைப் பிரட்டு, அடிப்பிடிக்குது" என்பேன் நான்.

பிறந்தநாளன்று, "வர வசதிப்படேல்லை" என்று மட்டும் ஃபோனில் சொன்னாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு வீடு, பிள்ளை, வேலை. நீ இன்னும் மாணவன். என்மேல் உனக்குப் பொறாமைதான் என்று முடிவுகட்டினேன்.

"என்னெண்டு ஒருக்காக் கேளுங்கோவன்" என்றாள் மனைவி.

"கேக்க என்ன கிடக்கு? எனக்கு அவனைத் தெரியாதே என்ன?"

நாலு மாதம் உன்னோடு பேசவில்லை. பிறகு சப்வேயில் உன் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். பிறந்தநாளுக்கு முதல் நாள்தான் உன் அம்மா யாழ்ப்பாணத்தில் செத்த செய்தி வந்ததாம். சாவுத் தீட்டு, அந்தத் துடக்கோடு குழந்தையின் விசேஷத்துக்கு வரக்கூடாதென்று நின்றிருக்கிறாய். சொன்னால் கொண்டாட்டம் குழம்பும் என்று சொல்லவுமில்லை. கோயிலையும் சடங்கையும் பகிடி பண்ணிய நீ துடக்குக் காப்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அப்படியே உன் அறைக்கு ஓடி வந்தேன்.

"நீ உதெல்லாம் நம்புறேல்லையேடா?"

"நான் நம்புறேல்லை. உன்ர மனிசி நம்புவா" என்றாய். "இரு, தேத்தண்ணி போடுறன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. படித்ததை நீ வாழ்ந்திருக்கிறாய். மனிதர்களைப் பற்றிப் பட்டம் வாங்கிய எனக்கு ஒருவனைக் கூட வாசிக்கத் தெரியவில்லை.

பிறகு ஒருநாள் நீயும் செத்துப்போனாய். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் சொன்னதை எழுதிய பிறகு, "நான் பிழையா விளங்கியிருந்தால் சொல்லுங்கோ" என்று இப்போது கேட்கிறேன். சிலர் அதற்குப் பிறகுதான் பேசவே தொடங்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் உன்னைத்தான் நினைக்கிறேன். அம்மா செத்தபோது பக்கத்தில் இருந்து அழ உனக்கு இந்த ஊரில் ஒருத்தரும் இருக்கவில்லை. நான் இருந்திருக்க வேண்டும்.