வாசிகசாலை விறாந்தையில் தொங்கும் தராசு

அனுப்புபவர்:
திருமதி பத்மாவதி முத்துக்குமாரு,
மாவடி ஒழுங்கை,
சண்டிலிப்பாய்.

பெறுபவர்:
சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்,
பிரிவுச் சுகாதாரப் பணிமனை.

விடயம்: கிளினிக்கில் குழந்தைகளின் நிறையைப் பலர் கேட்க உரத்துச் சொல்வது பற்றி

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் சுபோதினிக்கு இப்போது பதினொரு மாதம். எங்கள் வாசிகசாலையில் மாதந்தோறும் நடைபெறும் குழந்தை கிளினிக்குக்கு அவளைத் தவறாமல் கொண்டுபோய் வந்தேன். கடந்த மூன்று மாதமாகப் போகவில்லை. காரணம் வெட்கம். அதை ஓர் அதிகாரிக்கு எழுதுவது அதைவிட வெட்கமாயிருக்கிறது. ஆயினும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2. தராசு வாசிகசாலையின் முன் விறாந்தையில் தொங்குகிறது. ஆண்கள் இருந்து பத்திரிகை வாசிப்பதும் அதே விறாந்தையில்தான். நாட்டு நிலைமையால் இப்போது பத்திரிகை பார்க்க வருவோரும் அதிகம். குடும்பநல மாது பிள்ளையைத் தராசில் இட்டு நிறையை உரக்கச் சொல்வார். உள்ளே மேசையில் இருக்கும் பெண் அதைக் கேட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளியிடுவார்; புள்ளி அதிலுள்ள கோட்டுக்குக் கீழே விழுந்தால் நிறை போதாது என்று பொருள். உள்ளே கேட்பது தெருவுக்கும் கேட்கும். கொழுத்த பிள்ளையின் தாய்க்கு இதில் ஒரு குறையும் இல்லை. இன்னொருமுறை சொன்னாலும் அவர் நின்று கேட்பார்.

3. கடைசியாக நாங்கள் போனபோது சுபோதினிக்கு வயிற்றோட்டம் கண்டு மாறியிருந்தது. "முத்துக்குமாருவின்ரை பிள்ளை, அஞ்சே முக்கால். கோட்டுக்குக் கீழை!" என்று மாது கூப்பிட்டுச் சொன்னார். பத்திரிகைகள் தாழ்ந்தன. பிறகு என்னைப் பார்த்து, "என்ன பிள்ளை, சாப்பாடு குடுக்கிறனீரோ, இல்லையோ?" என்றார். "ஓம் மிஸ், குடுக்கிறன்" என்று சொன்னேன். அது எனக்கே கேட்கவில்லை. என்ன கொடுக்கலாம் என்று நான் கேட்குமுன் அடுத்த பிள்ளை தராசில் ஏறிவிட்டது.

4. என் கணவர் கத்தரித் தோட்டம் செய்பவர். இரண்டு நாள் கழித்துச் சந்தையில் ஒருவர் அவரிடம், "அண்ணை, கத்தரிக்காய் நல்லாக் கொழுத்துக் கிடக்கு, பிள்ளையைத்தான் கோட்டுக்குக் கீழை விட்டிட்டியள்" என்று பகிடி விட்டிருக்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்தவர், "இனி என்ரை பிள்ளை அந்தத் தராசிலை தொங்கப்படாது" என்று சொல்லிவிட்டார். அவர்மீது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் போகாமல் இருக்க ஒரு சாட்டுக் கிடைத்ததே என்று உள்ளூர ஆறுதலும் அடைந்தேன். ஒரு தாய் அப்படி ஆறுதல் அடையலாமா என்று என்னையே நான் கேட்காத நாளில்லை.

5. மாது கெட்டவர் அல்லர். மழையிலும் சைக்கிள் உழக்கி வருபவர். அவருக்குத் தண்டனை கேட்டு நான் இதை எழுதவில்லை. அவர் பேச்சு சுடும், ஆனால் பிள்ளைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் அவர் எங்களுக்குத் தேவை.

6. ஆகவே தராசை வாசிகசாலையின் பின்னறைக்கு மாற்றி, நிறையைத் தாயிடம் மட்டும் சொல்ல ஒழுங்கு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மெலிந்த பிள்ளைகளின் தாய்மாரே முதலில் வராமல் நின்றுவிடுகிறோம். எங்கள் ஒழுங்கையிலேயே இன்னொருவரும் நின்றுவிட்டார்.

7. அது நடக்கும்வரை, மாதுவை ஒரு முறை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தால் பெரிய உதவியாக இருக்கும். காலையில் என் கணவர் சந்தைக்குப் போயிருப்பார். பதில் கடிதம் வேண்டாம்.

இது அவசரமா என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் தராசு இல்லை. பிள்ளை வளர வளர அரைஞாண் கயிற்றைத் தளர்த்திக் கட்டுவது வழக்கம். கடந்த வெள்ளிக்கிழமை குளிக்க வார்க்கும்போது அது சுபோதினியின் இடுப்பால் கழன்று காலடியில் விழுந்தது. நான் அதை இறுக்கிக் கட்டினேன், ஐயா.

தங்களிடம் இதைச் சொல்லிவிட்ட துணிவில் ஒப்பமிடும்,

ப. முத்துக்குமாரு

சண்டிலிப்பாய்
14.08.1986