நாத்தனார் ஏறிய வண்டி

செப்டம்பர் 5, வியாழன்

மூன்று நாளாக வடகாற்று. ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகக் கப்பல் இன்றும் எங்கள் நக்சோஸ் தீவுக்கு வரவில்லை. ஊர் திரும்ப வேண்டிய பயணிகள் யாரும் அறையைக் காலி செய்யவில்லை. அதனால் சலவையகத்திலிருந்து விடுதிகளுக்கு நான் கொண்டுபோன விரிப்புகளில் பாதி அப்படியே வண்டியில் திரும்பி வந்தன. பிளாக்கா கடற்கரையில் மணல் பறந்து தலையணை உறையெல்லாம் நறநறவென்கிறது. முதலாளி என்னிடம் கோபித்துக்கொண்டார், காற்றை நான்தான் கிளப்பிவிட்டது போல.

ஆகியா அன்னாவில், அறைகள் வாடகைக்கு விடும் என் நாத்தனார் மரூசோ வாசலில் நின்றிருந்தாள். வழக்கமாக அழுக்கு மூட்டையைப் படிக்கட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் வெளுத்ததை வைத்துவிட்டு மூட்டையை எடுத்துக்கொண்டு போவேன். ஆறு வருஷமாக இப்படித்தான். அவள் தம்பி நிகிஃபோரோஸை விட்டு நான் வெளியேறிய நாளிலிருந்து.

"வண்டியில இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கா?" என்றாள்.

"எதுக்கு?"

"கடல் பாக்கணும்."

அவள் வாசலிலிருந்து கடல் நாற்பது அடி.

"இது இல்லடி. மத்ததெல்லாம்."

வியாழக்கிழமை எட்டரைக்குக் கிளம்புவேன், காத்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 6

ஏன் சரி என்றேன்? முடியாது என்று சொல்ல வாயில் வார்த்தை தயாராகத்தான் இருந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

எட்டு மணிக்கே மதில்மேல் உட்கார்ந்திருந்தாள். வைக்கோல் தொப்பி, ஒரு பை. பையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, நான்கு தக்காளி. சீட்டில் போட்டுக்கொள்ள சொந்தமாக ஒரு மெத்தை வேறு.

தன் வரவேற்பு மேசையில் பயணிகளுக்குக் கொடுக்கும் தீவு வரைபடத்தை எடுத்து மடியில் விரித்தாள். "முப்பத்தோரு வருஷமா இதுல வட்டம் போட்டுக் கொடுக்கறேன். இங்க போங்க, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்னு. நான் போனதே இல்ல. சீசன்ல அறையை விட்டு யாரு நகர்றது? குளிர்காலத்துல எவ கடலுக்குப் போவா?"

யோசித்துப் பார்த்தால் நானும் அப்படித்தான். இந்தத் தீவின் எல்லாக் கடற்கரையும் எனக்குத் தெரியும், கொல்லைப்புறமாக. விடுதிகளின் பின்கதவு, குப்பைத்தொட்டி, கேஸ் சிலிண்டர், துணி உலர்த்தும் கொடி. முன்பக்கத்தில் கடல் இருக்கிறது என்று கேள்வி.

தெற்கே அலிகோ கடற்கரையில் வேலை முடிந்ததும் தேவதாரு மரங்களுக்கு நடுவே இறங்கினோம். கீழே சின்ன வளைகுடா. அவள் கடலுக்கு நேரே நின்று, தலையை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள், கோழி பார்ப்பதைப் போல. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரி, சிரி. நேரா பாத்தா நடுவுல ஓட்டை. ஓரமா பாத்தாத்தான் தெரியுது."

ஏதென்ஸ் டாக்டர் சொன்னாராம். ஒரு கண்ணுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை. இன்னொன்றுக்கு ஊசி போட்டுப் பார்க்கலாம். வசந்த காலத்துக்குள் முகங்கள் தெரியாமல் போகலாம்.

"ஏன் என்னைக் கேட்டீங்க?"

"நீ ஐயோ பாவம்னு சொல்ல மாட்ட."

நான் சொல்லவில்லை. தக்காளியை நறுக்கிக் கொடுத்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

"நல்லவேளை, பொய் சொல்லல நான்" என்றாள்.

செப்டம்பர் 19, வியாழன்

மலைக் கிராமங்கள். ஹல்கியில் இரண்டு விடுதி, ஃபிலோத்தியில் ஒன்று. ஹல்கி சதுக்கத்தில் மரூசோ நாரத்தை இலை மது ஆளுக்கு ஒரு கிண்ணம் சொன்னாள். நான் வண்டி ஓட்டுகிறேன் என்றதும் என்னுடையதையும் அவளே குடித்தாள். "கண்ணுக்கு நல்லது" என்றாள். "எந்த டாக்டர் சொன்னார்?" என்றேன். "ஊத்திக் கொடுத்தவன்."

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அதை எழுதிவைக்க வேண்டும். உண்மையாகவே சிரித்தோம்.

ஃபிலோத்தியில் பெரிய மரத்தடிக் கடைக்காரர் மத்தேயோஸ் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "இனி உனக்கென்ன கவலை மரூசோ. தம்பி நவம்பர்ல ஏதென்ஸ விட்டு வந்துடறானாமே. அறைகளை அவன் பாத்துப்பான்."

அவள் கையிலிருந்த தண்ணீர் டம்ளரை வைத்தாள். நான் எழுந்து வண்டிக்குப் போய்விட்டேன்.

திரும்பும்போது பாதி மலை இறங்கியபிறகு கேட்டேன்.

"எப்ப சொல்றதா இருந்தீங்க?"

"இன்னும் நாலு கடற்கரை பாத்துட்டு."

"அவனா வர்றானா, நீங்க கூப்பிட்டீங்களா?"

"கண்ணு போனவளுக்கு வேற யாரு இருக்கா, அனெசினா?"

அவளை மதிலோரம் இறக்கிவிட்டேன். மெத்தையை மறந்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 20

அவன் வர்றான். வாரா வாரம் அந்தப் படிக்கட்டுல மூட்டையோட அவன்தான் நிப்பான். நான் போய் விரிப்பை அவன் கையில குடுக்கணும். எண்ணிக் குடுக்கணும். இதுக்குத்தான் இந்த ரொட்டியும் தக்காளியுமா? என்னைப் பழக்கினாளா, ஆட்டுக்குட்டியப் பழக்கற மாதிரி?

குளிர் ஆரம்பித்தால் இடது மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது. ஏணியிலிருந்து விழுந்ததாக அப்போது மருத்துவமனையில் சொன்னேன்.

அப்போது மரூசோவின் வீட்டில்தான் இருந்தோம். எங்கள் படுக்கையறைக்கும் அவள் அறைக்கும் நடுவில் ஒரு சாண் சுவர். அவளுக்குக் கேட்டிருக்குமா? ஆறு வருஷமாக இந்த ஒரு கேள்விதான். அவளிடம் கேட்டதில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. அக்கா தம்பி இருவரின் சொந்த ஊரான மலைக் கிராமம் கொரோனோஸில் எல்லோரும் சொன்னார்கள், டவுன் ஆசை பிடித்து ஓடிவிட்டாள் என்று. சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 26, வியாழன்

மதில்மேல் உட்கார்ந்திருந்தாள், தொப்பியோடு. மெத்தையையும் விரிப்புகளையும் படிக்கட்டில் வைத்தேன். மூட்டையை எடுத்தேன். கிளம்பினேன். கண்ணாடியில் பார்த்தபோது முகத்தை வேறெங்கோ திருப்பிக்கொண்டிருந்தாள். கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிளாக்கா தாண்டியபிறகுதான் உறைத்தது, வண்டியைப் பார்ப்பதற்காகத் திருப்பியிருக்கிறாள்.

அக்டோபர் 3

முதல் மழை. காய்ச்சல் என்று சொல்லி வண்டியை வேறு ஆளிடம் கொடுத்தேன். காய்ச்சல் இல்லை.

அக்டோபர் 10, வியாழன்

நான் விரிப்புகளை இறக்கிக்கொண்டிருந்தபோதே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"இறங்குங்க."

"மாட்டேன். தூக்கித்தான் போடணும். உன்னால முடியாது, என் எடை உனக்குத் தெரியும்."

"எங்க போகணும்?"

"லியோனாஸ்."

அங்கே எனக்கு விரிப்பு வேலை எதுவும் இல்லை. இருந்தாலும் போனேன். லியோனாஸுக்கு வழி கொரோனோஸ் வழியாகத்தான். ஊருக்குள் நுழையும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டேன். யாரையும் பார்க்கவில்லை. அதன்பிறகு கடல்வரைக்கும் வளைவு, வளைவு. பாதையோரம் சாணைக்கு எமரிக்கல் வெட்டிய பழைய சுரங்கத்தின் கம்பிவடங்கள்.

லியோனாஸில் மணல் கிடையாது, வெள்ளைக் கூழாங்கல்தான். ஒரே ஒரு சாப்பாட்டுக்கடை திறந்திருந்தது. காற்றே இல்லை. மரூசோ செருப்பைக் கழற்றிவிட்டு, போட்டிருந்த கவுனோடு தண்ணீருக்குள் நடந்தாள். கல் வழுக்கியது. தள்ளாடினாள். நானும் இறங்கிக் கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று. மார்பளவு ஆழத்தில் நின்றோம், இரண்டு பேரும் உடுத்திய உடையோடு.

"எனக்குக் கேட்டுது" என்றாள்.

எது என்று நான் கேட்கவில்லை.

"எல்லாம் கேட்டுது. அது என்ன பெரிய சுவரா? மொதல் தடவை ரேடியோ போட்டேன். அப்புறம் சத்தத்தைக் கூட்டினேன். காலையில நீ காபி கொண்டுவந்து குடுப்ப, நான் உன் முகத்தைப் பாக்காம வாங்கிப்பேன். ஊர்ல நீ ஓடிப்போனன்னு சொன்னப்பவும் சும்மா இருந்தேன். என் தம்பியாச்சே."

தண்ணீர் சில்லென்று இருந்தது. பாதத்துக்கு அடியில் ஒரு கல் அசைந்துகொண்டே இருந்தது. அதை மட்டும் கவனித்துக்கொண்டு நின்றேன்.

"மன்னிப்புக் கேக்கறீங்களா?"

"இல்ல. கேட்டா நீ குடுக்கணும்னு ஆயிடும். சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

ஈரத்தோடு கடை வெயிலில் உட்கார்ந்து வறுத்த சின்ன மீன் சாப்பிட்டோம். அவளுக்கு முள் தெரியவில்லை. தட்டை என் பக்கம் இழுத்து முள் எடுத்துக் கொடுத்தேன். ஏன் செய்தேன் என்று எனக்குத் தெரியாது. கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. போகவில்லை. ஆனால் இத்தனை வருஷமாக அந்த அறைக்குள் நான் மட்டும் இருந்தேன் என்று நினைத்திருந்தேனே, அது மாறிவிட்டது.

அக்டோபர் 11

மடிக்கும் அறையில் அழுதேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

வடகோடியில் அப்பொலோனாஸ். மலைச்சரிவில், செதுக்கி முடிக்காமல் விட்ட பழங்காலக் கல் மனிதன் படுத்துக் கிடக்கிறான். மரூசோ அவனைக் கால் முதல் தலை வரை தடவிப் பார்த்தாள். "முடிக்காம விட்டதே நல்லது. எழுந்து நின்னா சாப்பாடு கேப்பான்" என்றாள்.

கடற்கரையில் நாற்காலிகளை எல்லாம் அடுக்கிக் கட்டிவிட்டார்கள். அங்கே ஒரு படகின் விளிம்பில் உட்கார்ந்து போனை என்னிடம் நீட்டி, நிகிஃபோரோஸின் எண்ணைப் போட்டுத் தரச் சொன்னாள். போட்டேன். கொடுத்துவிட்டுத் தள்ளிப் போகப் பார்த்தேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"வராதே... இல்ல, நான் சமாளிச்சுப்பேன்... அவ ஒண்ணும் சொல்லல. நான் சொல்றேன்."

அவன் நிறையப் பேசினான். குரல் எனக்குக் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. அவள் முடியும்வரை காத்திருந்தாள்.

"என் கண்ணுதான் போச்சு, நிகிஃபோரோஸ். காது நல்லாத்தான் இருக்கு. அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவன் வைத்துவிட்டான்.

"இனி உங்களை யார் பாத்துப்பா?" என்று கேட்டேன்.

"தெரியாது. உன்னைக் கேக்கல."

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? முடியாது என்றுதான். அது அவளுக்கும் தெரியும் போலிருக்கிறது.

அக்டோபர் 31

கடைசி விரிப்புகள். இனி ஏப்ரல்வரை சலவையகம் மூடல். மரூசோவின் மேல் அறைக்கு ஓர் ஆசிரியை வந்திருக்கிறாள். தீவுக்கு மாற்றலாகி, வீடு கிடைக்காமல் ஒரு மாதமாகச் சிநேகிதி வீட்டுச் சோபாவில் தூங்கியவளாம். குளிர்காலம் முழுவதும் தங்கிக்கொள்ளலாம், கடிதங்களையும் மருந்துச் சீட்டையும் படித்துக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. "மூக்கால படிக்கறா. ஆனா எழுத்து விடாம படிக்கறா" என்றாள் மரூசோ.

நவம்பர் 10, ஞாயிறு

வெள்ளியன்று போன் செய்து கேட்டாள், "கொரோனோஸ் போகணும். கூட்டிட்டுப் போவியா?" லியோனாஸ் போன அன்று அவ்வழியாகத்தானே போனோம் என்றேன். "அன்னிக்குக் கண்ணாடியை ஏத்திட்டுப் போனோம். இறங்கிப் போகணும்" என்றாள். இரண்டு நாள் யோசித்தேன். இன்று காலை போனேன்.

ஊரெல்லாம் சாராயத்துக்குத் திராட்சைச் சக்கை காய்ச்சும் வாசனை. படிகளில் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். காபிக்கடையில் எட்டுப் பத்துப் பேர், பாதிப்பேர் மரூசோ குடும்பத்துக்குச் சொந்தம். கடை நடத்தும் அர்கிரோ, மரூசோவின் ஒன்றுவிட்ட தங்கை. அவள் மரூசோவை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு உட்காரவைத்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்க்காதது போலப் பேசினாள்.

"தம்பியை வரவேண்டாம்னுட்டியாமே. கூடப் பிறந்தவனை ஒதுக்கற அளவுக்கு யாரு உனக்கு ஓதினா?"

மரூசோ மறுபடி எழுந்து நின்றாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் இவளை அடிச்சான். பதினோரு வருஷம். பக்கத்து அறையில நான் இருந்தேன், கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தேன். இவ ஓடல. இன்னும் முன்னாடியே போயிருக்கணும், நான்தான் அனுப்பி வச்சிருக்கணும்."

ஜெபமணி உருட்டிக்கொண்டிருந்த ஒருவரின் கை நின்றது. மரூசோவின் சித்தப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்க்காமல் வெளியே போனார். கதவை அவர் சாத்தவில்லை. குளிர்காற்று உள்ளே வந்தது.

"உன் முகம் எனக்குத் தெரியல அர்கிரோ" என்றாள் மரூசோ. "அதனால சொல்றது சுலபமா இருக்கு."

வண்டிச் சாவி என் உள்ளங்கையில் அழுந்திக்கொண்டிருந்தது. வெளியே போய்விடலாமா என்று கதவைப் பார்த்தேன். அர்கிரோ போய் அதைச் சாத்திவிட்டு வந்தாள். பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து, இடுப்பில் கட்டியிருந்த துணியால் துடைத்து, எனக்குப் பின்னால் போட்டாள்.

உட்கார்ந்தேன்.

"காபிக்குச் சர்க்கரை எவ்வளவு?" என்று என்னைக் கேட்டாள்.