குறுக்கே கட்டிய ஓலை

ஹோனியாரா,
ஜூலை மாதக் கடைசி ஞாயிறு.

என் பிள்ளைகளின் தகப்பனாகிய கேஸ்பருக்கு,

நெஸ்டா எழுதுவது. நானும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் ஜெபத்தில் உங்கள் பெயரை நான் விடவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் எழுதப் போவதில் இனிப்பாக ஒன்றும் இல்லை.

கடிதத்தை டூடி கொண்டு வருவான். நீங்கள் கூலிக்குப் போயிருக்கிற வெளிநாட்டுப் பண்ணைக்கே தக்காளி பறிக்க வருகிறானாம். அவன் வாயைக் கிளறாதீர்கள். அவன் பார்த்தது பாதி, மீதி எல்லாம் துறைமுக வாசலில் பாக்கு விற்கிற பெண்கள் சொன்னது.

போன வாரம் போனில் கத்தினீர்களாம். "கத்தினீர்களாம்" என்றுதான் என்னால் எழுத முடியும். எனக்குக் கேட்கவில்லை. அடுப்பு வெடித்த அன்றே இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதுக்குள் ஓயாமல் ஏதோ இரைகிறது, அதைத் தாண்டி யாராவது பக்கத்தில் வந்து கத்தினால்தான் கொஞ்சம் விழுகிறது. உங்களுக்கு இது தெரியாது. உங்கள் தம்பி பெண்டாட்டி லில்லியனுக்குக் கால் போயிருக்கும்போது என் காதைப் பற்றிப் பேச எனக்கே கூச்சமாக இருந்தது. நம் மகள் ஜூனிதாதான் போனைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சொன்னதை உதடசைத்து எனக்குச் சொன்னாள். "பாதையில கட்டின ஓலையை அவுத்துடணுமாம்மா. சித்தப்பாவுக்குப் பன்னியும் சிப்பி மாலையும் குடுத்து மன்னிப்புக் கேக்கணுமாம். அப்பா மானம் போகுதாம்" என்றாள். நடுநடுவே நிறுத்தினாள். எந்த வார்த்தைகளை விட்டுவிட்டுச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாதா? உங்களோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள்தானே நான். இனிமேல் என்னைத் திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டுங்கள். உங்கள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வேன், குழந்தையை நடுவில் நிறுத்த வேண்டாம்.

உங்கள் தம்பி மாயேலி உங்களிடம் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். நடந்தது என்ன என்று இப்போது நான் சொல்கிறேன்.

அவன் மகனுக்குத் தேவாலயத்தில் திடப்படுத்தல் சடங்கு. விருந்து நம் வீட்டில்தான் என்று அவன்தான் சொன்னான். பேராயரோடு நிறையப் பேர் வருவார்கள், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குழியடுப்பு போதாது, கீழே மரவள்ளிக்குப் பக்கத்தில் பெரிதாக ஒன்று தோண்டலாம் என்று சொன்னதும் அவன்தான். புது இடத்தில் அடுப்பு போடுவதென்றால் நம் குடியிருப்பில் என்ன செய்வோம்? காய்ந்த ஓலையைக் குவித்துக் கொளுத்திவிட்டுத் தள்ளிப் போய் நிற்போம். கீழே ஏதாவது கிடந்தால் அப்போதே வெடித்துவிட்டுப் போகட்டும் என்று. நானும் கொளுத்தினேன். ஓலை எரிந்து சாம்பல் ஆறும்வரை பிள்ளைகளைத் தேவாலயத்தை விட்டு வெளியே விடவில்லை. ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் குழி தோண்டினேன், கல் அடுக்கினேன், விறகு போட்டேன்.

ஓலை நெருப்பு மேல் மண்ணோடு நின்றுவிடும். கல் அடுப்பின் சூடு கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இதை இப்போது எல்லோரும் எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். அன்றைக்கு வரிசையாக உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

கல் பழுத்துவிட்டது. லில்லியன் குனிந்து வாழையிலை பரப்பிக்கொண்டிருந்தாள். "அக்கா, மீன் பொட்டலத்தை எடுத்துக்கிட்டு வா, சீக்கிரம்" என்றாள். நான் திரும்பினேன். அதுதான் கடைசியாக என் இரண்டு காதிலும் கேட்ட பேச்சு. அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவளைத் தூக்கி வண்டியில் போட்டது நான். மாயேலி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

போலீசிலிருந்து குண்டு எடுக்கிறவர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். மரவள்ளிக்கு அடியிலிருந்து இன்னும் இரண்டு பழைய உலகப்போர்க் குண்டுகளை எடுத்துப் போனார்கள். இது யாருடைய குண்டு என்று கேட்டேன். "துருப்பிடிச்சுப் போச்சு மாமி, இனி யாருதா இருந்தா என்ன?" என்று என் காதருகே கத்தினான் ஒருவன். மஞ்சள் நாடா கட்டிவிட்டுப் போனார்கள். நம் குடியிருப்பு இருக்கிற மேடு முழுவதையும் பார்க்க ஆளில்லையாம், தீவு முழுக்க அவர்களைக் கூப்பிடுகிறார்களாம். அது உண்மைதான், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாடா காற்றில் அறுந்துபோய் இப்போது ஆட்டுக்கொட்டகை வேலியில் தொங்குகிறது.

இதெல்லாம் ஆன மறுவாரமே உங்கள் தம்பி ஈடு கேட்டு ஆள் அனுப்பினான். விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் வந்தவருக்குக் காயம் பட்டால் அந்த வீடுதான் ஈடு கொடுக்க வேண்டுமாம், உங்கள் தீவு வழக்கமாம். நான் ஓலையைச் சரியாகக் கொளுத்தவில்லையாம். கேஸ்பர், எனக்கு எப்படி எரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். குண்டை நானா கொண்டுவந்தேன்? என் தாத்தாவா கப்பலில் ஏற்றி இறக்கினார்? எங்கிருந்தோ வந்து ஒருவரையொருவர் கொன்றுவிட்டு, மிச்சத்தை நம் மண்ணில் போட்டுவிட்டுப் போனவர்கள் ஒருவரும் ஈடு கொடுக்கவில்லை. ஒருவரும் அவர்களிடம் கேட்கவும் இல்லை. கிழங்கு அவித்தவளிடம் பன்றி கேட்கிறார்கள்.

இதில் கூத்து என்ன தெரியுமா? மாயேலி இப்போது வேலை செய்வது அந்த வெளிநாட்டுக் குழுவில்தான். நம் வீட்டுக்குப் பின்னால் ஓடையைத் தாண்டி, கூப்பிடு தூரத்தில், கூடாரம் போட்டு எலும்பு தேடுகிறார்கள். அவர்கள் ஊர்ச் சிப்பாய் ஒருவன் அங்கே விழுந்தானாம். மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலிக்கிறார்கள், பல் துலக்குகிற மாதிரி சின்னச் சின்னத் தூரிகையால் துடைக்கிறார்கள். ஒருநாள் சட்டைப் பொத்தான் ஒன்று கிடைத்தது. எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். எனக்கும் கண் கலங்கியது. அவனையும் ஒருத்தி பெற்றிருப்பாள், காத்திருந்தே செத்திருப்பாள். அதை நான் பழிக்க மாட்டேன்.

ஆனால் அவர்களிடம் இரும்பைக் கண்டால் கூவுகிற கருவி இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஓடைக்கு அந்தக் கரையில் நாள் முழுக்க நடக்கிறார்கள். இந்தக் கரைக்கும் ஒருதரம் கொண்டு வரச் சொல்லு, அடுக்களையிலிருந்து தேவாலயம் வரைக்கும் நடந்து பார்த்தால் போதும் என்று மாயேலியிடம் சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்து, "அண்ணி, அனுமதி அந்தக் கரைக்கு மட்டும்தான். இந்தப் பக்கம் ஏதாவது வெடிச்சா அவங்க பொறுப்பாயிடுமாம்" என்றான். அவர்கள் பொறுப்பாகிவிடுமாம்! எனக்குக் காது இருந்திருந்தால் அதை நம்பாமல் இன்னொரு தரம் சொல்லச் சொல்லியிருப்பேன். ஜூனிதா இரண்டு தரம் உதடசைத்துக் காட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் குருத்தோலை வெட்டி, மடித்து முடிச்சுப் போட்டு, அவர்கள் வண்டி போகிற பாதைக்குக் குறுக்கே தடையாகக் கட்டினேன், அவிழ்க்கும்வரை அதைத் தாண்ட ஒருவருக்கும் உரிமையில்லை. அந்தப் பாதை என் அம்மா வழி நிலத்தில் போகிறது. உங்கள் தீவில் ஆண்கள் கட்டுவார்கள். இங்கே நிலம் பெண்கள் வழியில் வருகிறது, இதை நீங்கள் கல்யாணத்தன்றே என் மாமாக்கள் முன்னால் ஒத்துக்கொண்டீர்கள்.

வண்டி வந்தது. ஓட்டுநர் நம் ஆள், ஓலையைப் பார்த்ததும் நிறுத்தி இறங்கி ஓரமாக உட்கார்ந்து பாக்கு மெல்ல ஆரம்பித்துவிட்டான். உங்கள் தம்பி குதித்து ஓடிவந்தான். ஓலைவரைக்கும்தான் வந்தான். தாண்ட அவனுக்கும் கால் எழவில்லை. "அண்ணி, என் வேலையில மண்ணைப் போடாதீங்க" என்று கத்தினான். "மண்ணுல என்ன போட்டிருக்குன்னுதாண்டா கேக்குறேன்" என்றேன். ஓட்டுநருக்குச் சிரிப்பில் பாக்கு புரையேறிவிட்டது.

குழுவின் தலைவி வயதான நெட்டைப் பெண். இறங்கி வந்து புழுதியில் என் எதிரே குந்தி உட்கார்ந்தாள். நான் கேட்டது இரண்டுதான். அந்தக் கருவி இந்தக் கரைக்கு வர வேண்டும். அவர்கள் ஊரிலிருந்து யாராவது ஒருவர் ஒரு பன்றியோடு வந்து, லில்லியன் முன்னால் தரையில் உட்கார்ந்து, தப்பு நடந்துவிட்டது என்று வாயால் சொல்ல வேண்டும். அவள் கண் நிறைந்துவிட்டது. மிகவும் வருத்தப்படுகிறாளாம், ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு அதிகாரம் இல்லையாம், மேலே எழுதுவாளாம். நம் பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்தாள். நல்ல பெண், கேஸ்பர். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

அதிலிருந்து ஓலை அப்படியே இருக்கிறது. காய்ந்தால் புதிது கட்டுகிறேன். அடுத்த வாரம் அந்தப் பழைய உலகப்போர்ச் சண்டையின் நினைவு நாள், தூதர்கள் வந்து மாலை போடுவார்கள், கப்பலில் வாத்தியக்காரர்கள் வருகிறார்கள். அதற்குள் அவிழ்க்க வேண்டும் என்று போதகர் வந்தார், ஊர்த் தலைவர் வந்தார். "விருந்தாளி வர்ற நேரத்துல அசிங்கமா இருக்கு, நெஸ்டா" என்றாராம் தலைவர். லில்லியனைப் பார்க்க ஒருதரமாவது ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

வீட்டு நிலவரமும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது. உங்கள் அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. சின்னவன் முற்றத்தில் இறங்க மாட்டேன் என்கிறான், சிமென்ட் போட்ட இடத்திலேயே நின்று அழுகிறான். மேட்டில் யாரும் புதிதாகக் கிழங்கு நடவில்லை. கடையில் அரிசி வாங்கி எத்தனை நாள் தின்பது?

இப்போது கேட்டுக்கொள்ளுங்கள். நேற்று லில்லியனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மாயேலி வீட்டுக்குப் போக வேண்டியவள் வண்டியை இங்கே விடச் சொல்லியிருக்கிறாள். ஊன்றுகோலை இரண்டு பக்கமும் ஊன்றி, வேர்க்க வேர்க்க நடந்து வந்து, ஓலைக்கு இந்தப் பக்கம் என்னோடு உட்கார்ந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் என் தாடையைப் பிடித்துத் திருப்பி, எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, எனக்குப் பசிக்குது. கிழங்கு இருக்கா?"

மாயேலி கூப்பிட வந்தான். அவன் அந்தப் பக்கம், பெண்டாட்டி இந்தப் பக்கம். "உனக்குப் பன்னி வேணும்னா கூடாரத்துல போய்க் கேளு. என் காலுக்கு விலை பேச உன்னை யாரு அனுப்பினா?" என்று அவள் கேட்டாளாம். ஜூனிதா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், வெடித்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஆனாலும் வீட்டின் பெயரால் ஊர்ச் சபையில் பேச வேண்டியவர் நீங்கள். பன்றி உங்களுடையது, சிப்பி மாலை உங்கள் அப்பா வைத்துவிட்டுப் போனது. போனில் நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் மாயேலி நாளைக்கே ஓட்டிக்கொண்டு போய்விடுவான். அப்புறம் ஊர் முழுக்க ஒரே பேச்சாக இருக்கும். லில்லியன் காலை எடுத்தது நெஸ்டா, அதை அவள் புருஷனே ஒத்துக்கொண்டான் என்று. நாளை என் பேரப்பிள்ளைகளிடமும் அதைத்தான் சொல்வார்கள். குண்டைப் போட்டவர்கள் பெயர் கணக்கிலேயே வராது.

ஆகையால் அந்த வார்த்தையைப் போனில் சொல்லாதீர்கள். விடுப்புக் கேளுங்கள், தராவிட்டால் சண்டை போட்டு வாருங்கள். அவிழ்க்கத்தான் வேண்டும் என்றால் லில்லியன் கண் முன்னால் உங்கள் கையாலேயே அவிழ்த்துவிடுங்கள், நான் தடுக்க மாட்டேன். மனசு வரவில்லை என்றால் எங்களோடு உட்காருங்கள், இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

அதுவரைக்கும் கர்த்தர் உங்களைக் காக்கட்டும். அங்கே கடப்பாரை குத்தும்போதும், பாத்தி வெட்டும்போதும், நிழலில் உட்கார்ந்து சாப்பிடும்போதும், உங்கள் காலுக்குக் கீழே இருப்பது வெறும் மண்ணாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவியாகிய
நெஸ்டா