நான் குனிந்து பார்க்காத ஆணிகள்

மச்சான்,

நேற்றுக் காலை கொடிகாமத்தில், உன்னைப் பற்றிக் கதைத்த ஒருவனைக் கன்னத்தில் அறைந்துவிட்டேன். எழுபத்தாறு வயதிலும் என் கை இவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்கே தெரியாது. எனக்கு எழுத்துத் தெரியாதது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் தங்கை, உன் மனைவி.

சந்தைக்கு வந்த இடத்தில், பக்கத்து லொறி வளவில் ட்ரெயிலர் ஆணியைச் சுத்தியலால் தட்டும் சத்தம் கேட்டது. கால் தானாகத் திரும்பியது. ஐந்தாறு புதுச் சாரதிகளுக்கு ஒருவன் படிப்பித்துக்கொண்டிருந்தான். நீள ட்ரெயிலரின் மேல்தட்டுக்குக் கீழே சில்லுகளோடு அச்சு முன்னும் பின்னும் நகரும்; நாலு ஆணிதான் அதை ஓரிடத்தில் பூட்டும். அச்சை முன்னுக்குத் தள்ளினால் ட்ரெயிலர் ஒழுங்கையில் சுளுவாகத் திரும்பும், ஆனால் வால் நீண்டு, இழுக்கிற முன்வண்டி இலேசாகிவிடும். பின்னுக்குத் தள்ளினால் பாரம் முன்வண்டியில் நன்றாக அமரும், ஆனால் மூலை திரும்பாது. எங்கே நிறுத்தினாலும் நாலு ஆணியும் துளையில் இறுகியிருக்க வேண்டும். எல்லாம் சரியாகத்தான் சொன்னான். பிறகு சொன்னான்:

"அளவெட்டியில ஒரு மடையன் ஆணி பாக்காமல் வண்டியை எடுத்துச் செத்தவன். அவனை மாதிரிச் செத்துப் போகாதையுங்கோ."

அவர்கள் சிரித்தார்கள். நான் அறைந்தேன்.

"கிழவா, உனக்கென்ன விசரே?" என்றான்.

பதில் என்னிடம் இருந்தது. அதோடேயே வீட்டுக்கு நடந்தேன்.

நாங்கள் இருவரும் அடிபடாமல் ஏற்றிய பாரம் குறைவு. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை ஓடிய காலத்தில், முதல் நாளே பைகளை எப்படி அடுக்குவது என்று சண்டை பிடித்தோம். நீ மண்வெட்டிப் பிடியால் என் முதுகில் போட்டாய். நான் உன் தோளைக் கடித்தேன். அந்தக் காயம் ஆறுமுன்னரே என் தங்கையைப் பெண் கேட்டு வந்து நின்றாய். "உன்ரை பல்லுப் பொருந்தினது காணும், சாதகம் பாக்கத் தேவையில்லை" என்றாய். அம்மா சிரித்தபடியால் தப்பினாய்.

பன்னிரண்டு வருசத்துக்கு முன், கடைசி நாளும் சண்டைதான். சீமெந்து மின்கம்பங்களை நான்தான் நின்று ஏற்றுவித்தேன். இறக்க இலகு என்று வாலுக்குத் தள்ளி ஏற்றியிருந்தேன். அளவெட்டித் தேத்தண்ணிக் கடையடியில் இறங்கிப் பார்த்தாய். முன்வண்டியின் வில்லுத்தகடு பாரம் இல்லாததுபோல் நிமிர்ந்து நின்றது.

"உந்தக் கம்பத்தை ஆரடா வாலுக்கு ஏத்தினது?"

"நான்தான். இறக்க லேசு."

"இறக்கிறதுக்கு முதல் நான் போய்ச் சேர வேணுமடா, எருமை."

"ஓடத் தெரியாட்டி இறங்கு. நான் ஓடுறன்."

கடையில் இருந்தவர்களுக்கு முன்னால் என்னை அறைந்தாய். ஒரு பல் கழன்றது. துப்பினேன். மண்ணில் கிடந்த பல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வண்டியில் ஏறினாய்.

அடுத்த மூலையில் ட்ரெயிலர் திரும்பவில்லை. அச்சை முன்னுக்கு எடுக்க வேண்டியிருந்தது. ஆணிகளைக் கழற்றினேன். நீ சில்லுகளுக்குப் பிறேக் போட்டு, மேல்தட்டை மெல்லப் பின்னால் தள்ளினாய். திரும்பவும் ஆணிகள் விழவேண்டிய நேரத்தில், நான் நின்ற பக்கம் ஒன்று துளையில் பாதிதான் தலை காட்டியது. மற்ற மூன்றையும் குனிந்து, சுற்றிப் போய்ப் பார்ப்பது என் வேலை. வாயில் இரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. உனக்காகக் குனிய மனம் வரவில்லை.

"நாலும் விழுந்திட்டுதே?"

"ஓம். எடு."

கோபத்தில் உன் பக்கத்தில் ஏறாமல் பின்னால் நடந்தேன். அதனால்தான் இன்னும் இருக்கிறேன். மூலை திரும்பி நேரான தெருவில் வேகம் பிடித்தாய். குறுக்கே ஒரு மாடு வந்தது. நீ பிறேக் அடிக்க, சில்லுகள் நின்றன, மேல்தட்டு அச்சை விட்டு வழுகி முன்னுக்குப் பாய்ந்து, கடைசித் தடையில் முட்டியது. சங்கிலி அறுந்தது. கம்பங்கள் உன் முதுகுப்பக்கத்துத் தகட்டைக் கிழித்து, முன்கண்ணாடியால் வெளியே வந்தன. அலவாங்கு போட்டு நெம்பி உன்னை எடுத்தோம். எடுத்ததை உன் மனைவிக்குக் காட்டவில்லை.

சாரதி ஆணி பார்க்கவில்லை என்று பொலிஸ்காரர் எழுதினார்கள். செத்த வீட்டில் தங்கை என்னைக் கேட்டாள்: "அண்ணை, இவர் பாக்க மறந்துபோனாரோ?"

"ஓம்" என்றேன்.

ஒரே கிழமையில் இரண்டு தரம் ஓம் சொன்னேன். முதலாவது உன்னைக் கொன்றது. இரண்டாவது உன்னை மடையனாக்கியது.

நேற்றுப் பின்னேரம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கேட்டு முடிய எழுந்தாள். செதிள் ஒட்டிய கையால் அறைந்தாள். பிறகு மற்றக் கன்னத்திலும்.

"பன்ரண்டு வருசம் அந்த மனுசனை நான் திட்டாத நாளில்லை" என்றாள். "படத்துக்கு விளக்குக் கொளுத்தேக்கையும் திட்டினனான்."

இன்று காலை என்னை அந்த லொறி வளவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதே சாரதிகள் நின்றார்கள். நான் அறைந்தவனின் கன்னம் வீங்கியிருந்தது. அவன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான்.

"பிறகு அடியும். முதல் உவர் சொல்லுறதைக் கேளும்" என்றாள்.

சொன்னேன். பாரம் ஏற்றியதிலிருந்து செத்த வீடு வரைக்கும். அவன் கை கீழே இறங்கியது. ஒரு புதுச் சாரதி மட்டும் கேட்டான்:

"நீங்கள் ஓமெண்டாலும், டிறைவர் ட்ரெயிலர் பிறேக்கைப் பிடிச்சு ஒருக்கா இழுத்துப் பாக்கிறதெல்லே ஐயா? ஆணி விழாட்டி அப்பவே தெரிஞ்சிருக்கும். அவர் ஏன் பாக்கேல்லை?"

நீ எந்த நாளும் பார்ப்பாய். நான் எத்தனை தரம் சரி என்றாலும் ஒரு இழுவை இழுத்து, "உன்ரை கண்ணை ஆர் நம்பினது" என்று பல்லைக் காட்டுவாய். அன்றைக்கு மட்டும் அப்படி இழுத்துப் பார்க்கவில்லை. என் பல்லைக் கழற்றிய பிறகு, மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதன், என் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டாய்.

"என்னை நம்பினவர்" என்றேன்.

தங்கை அந்த இடத்திலேயே குந்தி இருந்து அழுதாள். உன் செத்த வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை.

மச்சான், நீ அடித்த அடிகள் எல்லாம் ஆறிவிட்டன. அந்த ஒரு தரம் என்னை நம்பினாயே, அதைத்தான் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.