டத்தோ என்னிடம் சொல்லச் சொன்னது

ரெக்ஸ்டேல்,
21 மே 1995

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் மகள் றோசலினும் சுகம். உங்கள் பிரஷர் கூடாமலிருக்க மாதாவை மன்றாடுகிறேன். றோசலினுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. நான் அதே பேக்கரியில்தான் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுகிறேன். நின்று நின்று கால் வீங்குகிறது.

தேர்தலில் உங்கள் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை என்று ஈப்போவிலிருந்து சீமோன் அண்ணை எழுதியிருந்தார். உங்கள் தலைவர் டத்தோ ஹம்டான் சொந்தத் தொகுதியிலேயே தோற்றாராம். உங்கள் கடிதத்தில் அதைக் காணவில்லை. கட்சி அலுவலகத்துக் கூரை ஒழுகுவதைத்தான் எழுதியிருந்தீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை டத்தோ எனக்குப் போன் எடுத்தார். குரல் பிடிபடவில்லை. அவர் பள்ளி ஆசிரியராக இருந்தபோது நம் வீட்டுக்கு வந்து, தனக்குக் கடிதம் எழுத ஆள் வேண்டுமென்று உங்களைக் கேட்டாரே, அந்தக் குரல் இல்லை. அன்று நீங்கள் ரயில்வே வேலையை விட்டீர்கள். அவர் எம்.பி. ஆனார், துணை அமைச்சரானார். குடியானவர்களின் நிலத்தைக் கம்பனிக்குக் கொடுக்கமாட்டேன் என்று பதவியைத் தூக்கி எறிந்த நாளில் நானும் பெருமைப்பட்டேன். பிறகு தனிக்கட்சி. எனக்கு ஆபரேசன் நடந்த அன்றும் நீங்கள் ஏதோ இடைத்தேர்தல் கூட்டத்தில் இருந்தீர்கள். போன வருடம் நான் விமானம் ஏறும்போதும், "இந்த எலெக்சன் முடியட்டும், வாறன்" என்றுதான் சொன்னீர்கள்.

அத்தான், கதிரையில் இருந்துகொண்டு இதை வாசியுங்கள். டத்தோ பழைய கட்சிக்கே திரும்பிப் போகிறார். அடுத்த மாதம் அறிவிப்பாராம். "அகஸ்ரினிடம் சொல்ல மூன்று தரம் போனேன். அவர் எனக்காக அறிக்கை தட்டிக்கொண்டிருந்தார். வாய் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருபத்தாறு வருடம் கூட இருந்த மனிதரிடம் இதைச் சொல்ல நானா வேண்டும் என்று கேட்டேன். "எனக்கு அறுபத்தெட்டு வயது, செலீன். களைத்துப்போனேன்" என்றார். அதற்குமேல் திட்ட எனக்கும் தெம்பில்லை.

றோசலினிடம் சொன்னேன். "அப்பா பாவம். உடன வரச் சொல்லுங்கோ அம்மா" என்று அழுதாள். ஜூன் இருபதுக்கு டிக்கெட் பதிந்திருக்கிறாள். உங்கள் விசா முப்பதாம் திகதியோடு முடிகிறது. தவறினால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து.

அவரோடு சண்டை பிடிக்காதீர்கள். அலுவலகச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். இங்கே அவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. வந்து நன்றாக நித்திரை கொள்ளுங்கள், அத்தான்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கூட்டிவரட்டும்.

உங்கள்
செலீன்